வளவில் விளையும் கரட்

கரட்டை மலைநாட்டு மரக்கறி என்றே நம்மவர் எண்ணிப் பழகிவிட்டனர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 6000 அடிக்கும் மேலே குளிரில் இருப்பது. அங்கே விளைவது யாழ்ப்பாணத்து வெயிலில் எவ்வாறு விளையும் என்று கேட்கின்றனர். குடாநாட்டுக்கும் ஒரு குளிர்காலம் உண்டன்றோ? பெருமழை தணிந்து மார்கழிப் பனி தொடங்கும்போது விதைத்தால், பங்குனியளவில் கிழங்கு எடுக்கலாம். வெப்பத்தை ஓரளவு தாங்கும் 'நியூ குரோடா' போன்ற இனமே எமது மண்ணுக்கு ஏற்றது.

"நாற்றுமேடையிலிட்டுப் பின்னர் பிடுங்கி நட்டாலென்ன?" என்று மாணவரொருவர் எம்மை வினவினார். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பொருந்தும் அம்முறை கரட்டுக்குப் பொருந்தாது. நாம் உண்பது அதன் வேரையே. முளைத்ததும் நேரே கீழிறங்கும் ஆணிவேர்தான் பின்னர் பருத்துக் கிழங்காகின்றது. அதன் நுனி முறிந்தால் கிழங்கு இரண்டு மூன்று கால்களாகப் பிரிந்துவிடும். கல்லில் முட்டினாலும், இறுகிய மண் தடுத்தாலும், உக்காத சாணம் பட்டாலும் இதே கதிதான். ஆகவே ஓரடி ஆழம் கொத்தி, கல்லும் கட்டியும் பொறுக்கி, நன்கு உக்கிய கூட்டெருவை மாத்திரம் கலந்து பாத்தி அமைத்தல் வேண்டும். யூரியாவை அள்ளியிட்டால் இலை செழிக்கும், கிழங்கு சிறுக்கும். முன்னர் கத்தரியோ தக்காளியோ நட்டு, வேரில் முடிச்சுகள் கண்ட நிலத்தை விலக்குக. அம்முடிச்சுகளை உண்டாக்கும் நுண்புழு கரட்டையும் விடாது. வளவில்லாதவர்கள் ஓரடி ஆழமுள்ள பழைய வாளியின் அடியில் துளையிட்டுப் பயன்படுத்தலாம்.

விதை மிகச் சிறியது. உலர்ந்த மணலோடு கலந்து, அரை அங்குல ஆழத்தில், வரிசைக்கு வரிசை எட்டு அல்லது பத்து அங்குலம் விட்டுத் தூவுக. முளைப்பதற்கு ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை செல்லும். அதுவரை மேல்மண் ஒரு பொழுதேனும் காய்தல் ஆகாது. நனைத்த சாக்கால் மூடிவைப்பது நல்ல உபாயம்; முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். எறும்பு விதையைக் காவிச் செல்லும் இடங்களில் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவுவர்.

இனி வருவதுதான் கடினமான வேலை. நான்கு இலை விட்டதும், செடிக்குச் செடி இரண்டு அங்குலம் இருக்கும்படி மிகுதியைப் பிடுங்கிவிட வேண்டும். தாம் விதைத்து முளைப்பித்ததைத் தாமே பிடுங்கப் பலருக்கு மனம் வருவதில்லை. எம் மாணவர்களுள்ளும் இதற்குத் தயங்காதவர் அரியர். ஆனால் இரக்கப்பட்டு விட்டுவைத்த பாத்தியில், தழைக்குக் குறைவிராது. கிழங்கோ எலிவால் போன்றிருக்கும். மாலையில் நீர் ஊற்றியபின் பிடுங்கினால் நிற்கும் செடிகளின் வேர் அசையாது.

பின்னர் நீரை ஒரே சீராக விடுக. காயவிட்டுத் திடீரென நிறைய விட்டால் கிழங்கு வெடிக்கும். மண்ணுக்கு மேலே தெரியும் தலைப்பகுதி வெயில்பட்டுப் பச்சையாகும். மண் அணைத்தால் போதும்.

இக்கிழங்கின் நிறத்துக்குக் காரணமான கரோட்டீனை 1831 இல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானிய அறிஞர் கரட்டிலிருந்தே பிரித்தெடுத்தார். பெயரும் கரட்டால் வந்ததே. நமது உடல் அதனை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கரட் உண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று சொல்வது மிகை. அந்த விற்றமின் குறைவதால் வரும் மாலைக்கண்ணுக்கே அது துணைசெய்யும். பச்சையாகக் கடிப்பதிலும், எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்துச் சமைத்தால் கரோட்டீன் உடலில் நன்கு சேரும்.

தொண்ணூறு, நூறு நாட்களில் கிழங்கைப் பிடுங்கலாம். பிடுங்கியவுடன் தழையை அறுத்துவிடுக. விட்டால் அது கிழங்கின் நீரை உறிஞ்சி வாடச்செய்யும். இளந்தழை வறைக்கு உதவும். முற்றியதை ஆட்டுக்குப் போடலாம்.