கோபுரத்துக்கு ஒரு நீதி, கூலிக்காரனுக்கு ஒரு நீதியா?

1962 டிசம்பர் 12. தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகருக்கு மேற்கே, வெஸ்ட் டிரிஃபொன்டெய்ன் தங்கச் சுரங்கம். தாதுக்கல்லை நொறுக்கும் மூன்று மாடி ஆலை ஒன்று அங்கே நின்றது. திடீரெனத் தரை வாய் பிளந்தது. ஆலை அப்படியே உள்ளே போயிற்று. 29 உயிர்கள் போயின!

குண்டு விழவில்லை, பூகம்பம் வரவில்லை. ஆலைக்கு அடியிலிருந்த பூமி பொய்யாகிப் போனது, அவ்வளவுதான். அதே வட்டாரத்தில், 1964 ஆகஸ்டில், வீடு ஒன்று பூமிக்குள் புதைந்தது. ஒரே குடும்பத்தார் ஐவர் மாண்டனர். 1962 டிசம்பரிலிருந்து 1966 பிப்ரவரிக்குள், 50 மீட்டருக்கு மேல் அகலமும் 30 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட பாதாளக் குழிகள் எட்டு அங்கே தோன்றின.

விதி என்பர் சிலர். விதியா, வினையா? நாம் கேட்கிறோம், தோழர்களே!

அந்த நிலத்தின் அடியில் இருப்பது டோலமைட், சுண்ணாம்புக்கல்லின் உடன்பிறப்பு. பார்வைக்குக் கருங்கல்லைப்போல் உறுதி. ஆனால், தண்ணீருக்குத் தோற்கும் கல்! மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, மெல்லிய அமிலமாகிக் கீழே இறங்குகிறது. கல்லின் வெடிப்புகளில் புகுந்து, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அதைக் கரைக்கிறது. வெடிப்பு பொந்தாகிறது, பொந்து குகையாகிறது. மேலே மண் மூடியிருக்கிறது, புல் முளைக்கிறது, மாடு மேய்கிறது. உள்ளே ஓட்டை! அந்த ஓட்டைக்கு மேல் மண் வளைவாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. நிலத்தடி நீரும் அதற்கு முட்டுக்கொடுக்கிறது.

அந்த முட்டைத்தான் எடுத்தார்கள் சுரங்க முதலாளிகள்! பொன் இருந்தது டோலமைட்டுக்கும் கீழே. சுரங்கத்தில் நீர் புகுந்தது. 1960-ஐ ஒட்டி, நிலத்தடி நீரையே இறைத்து வற்றவைக்கத் தொடங்கினர். ஊற்றுகள் வறண்டன, நீர்மட்டம் தாழ்ந்தது. முட்டு இழந்த மண் சிறிது சிறிதாகக் குகைக்குள் உதிர்ந்தது. மண் வளைவு மெலிந்தது, ஒருநாள் முறிந்தது. மேலே எழுந்தது பொன். கீழே போனது பாட்டாளியின் உயிர்!

"அந்நாளில் இவ்வளவு அறிவு வளரவில்லையே" என்று சமாதானம் சொல்வார் உண்டு. சரி, வளர்ந்த பிறகு என்ன நடந்தது? அறிவும் கருவியும் பணம் இருக்கும் இடத்துக்கு விரைந்து போயின!

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரைப் பாருங்கள். அதன் அடியிலும் சுண்ணாம்புக்கல்தான். 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் கட்டத் திட்டமிட்டபோது, முதலில் போர் போட்டுப் பார்த்தனர். ஒருபுறம் பாறை அருகிலேயே தட்டுப்பட்டது. மறுபுறமோ செங்குத்தாகப் பாதாளத்துக்கு இறங்கியது. கட்டியிருந்தால் ஒருபக்கம் அமிழ்ந்து கோபுரம் சாய்ந்திருக்கும். என்ன செய்தனர்? கோபுரத்தையே வரைபடத்தில் ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி வைத்தனர்! குகைகளைச் சிமெண்டுக் குழம்பால் அடைத்தனர். நூறு மீட்டரையும் தாண்டும் ஆழத்துக்குக் கான்கிரீட் பைல்களை இறக்கினர். கோபுரம் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

அதைக் குறை சொல்லவில்லை நாம், பாராட்டுகிறோம். ஆனால், அந்த எச்சரிக்கை கோபுரத்துக்கு மட்டும்தானா? கூலிக்காரன் குடியிருப்புக்குக் கிடையாதா?

சுண்ணாம்பு நிலத்தில் கட்டுமுன் செய்ய வேண்டியவை யாருக்கும் தெரியாத இரகசியமல்ல. முதலில், நிலவியல் வரைபடம் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் தரை உள்வாங்கியதுண்டா என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். பிறகு, புவியீர்ப்பையும் மின்தடையையும் அளக்கும் கருவிகளால் எங்கே பொந்து இருக்கக்கூடும் என்று கணிக்க வேண்டும். அதன் பின் போர். ஒன்றிரண்டு போட்டுவிட்டுக் கணக்குக் காட்டினால் போதாது. ஒரு துளையில் பாறை, பத்தடி தள்ளி வெறும் குகை — இதுதான் இந்த நிலத்தின் சூது! பாறை தட்டியதும் நிறுத்தவும் கூடாது. மண்ணில் மிதக்கும் பெருங்கல்லாக அது இருக்கலாம். உறுதியான பாறைக்குள் பல மீட்டர் இறங்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இங்கேதான் பாட்டாளியின் கண்ணும் கையும் பேசுகின்றன. ராடு திடீரெனத் தானாக இறங்கினால், கீழே வெற்றிடம்! விட்ட தண்ணீர் மேலே திரும்பாவிட்டால், எங்கோ ஓட்டை! இதை முதலில் அறிபவன் போர் போடும் தொழிலாளி. அவன் சொல்வதை மீட்டர் மீட்டராக ஏட்டில் எழுத வேண்டும். "பேசாமல் வேலையைப் பார்" என்று அதட்டும் கண்டிராக்டர் நாளைய சாவுக்கு இன்றே நாள் குறிக்கிறான்!

கட்டிய பிறகும் காவல் வேண்டும். உடைந்த குழாயும் ஒழுகும் சாக்கடையும் மண்ணைக் கரைத்துக் குகைக்குள் தள்ளும். மழைநீர் சுவரோரம் தேங்காமல் வடிய வேண்டும். கசியும் குழாயை அன்றே மாற்ற வேண்டும்.

தென்னாப்பிரிக்கா இதைப் பட்டுத் தெளிந்தது. டோலமைட் நிலத்தில் கட்டுவதற்கென 2012-இல் தனித் தரநிலை வகுத்தது. ஆய்வு செய்து, நிலத்தை ஆபத்துக்கேற்ப எட்டு வகுப்பாகப் பிரித்த பிறகே, எங்கே என்ன கட்டலாம் என்பது முடிவாகும். நல்ல ஏற்பாடு. ஆனால், கார்ல்டன்வில் சுரங்க நகரையடுத்த குட்சோங்கைப் பாருங்கள். நிறவெறி ஆட்சியில் கறுப்பினத் தொழிலாளர்களுக்காக டோலமைட்டின்மேல் அமைக்கப்பட்ட குடியிருப்பு அது. நிறவெறி ஆட்சி 1994-இல் ஒழிந்தது. அது தேர்ந்து கொடுத்த நிலம் மட்டும் மாறவில்லை. மக்களை வேறிடம் சேர்க்கும் திட்டம் பின்னர் வந்தது. வேலையோ ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கோபுரத்தை 60 மீட்டர் நகர்த்தக் கோடு ஒன்று போதுமாயிருந்தது. ஏழையின் வீட்டை நகர்த்த ஒரு தலைமுறை போதவில்லை!

ஆகவே, கட்டட வேலைக்குப் போகும் தோழர்களே! சுண்ணாம்பு பூமியில் கடைக்கால் தோண்டச் சொன்னால், கூலி எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாதீர்கள். போர் போட்டீர்களா? எத்தனை? எவ்வளவு ஆழம்? ஏடு எங்கே? இந்த நான்கையும் கேளுங்கள். ஆய்வுக்கு ஆகும் செலவு வீண் என்பான் முதலாளி. 29 உயிருக்கு என்ன விலை என்று திருப்பிக் கேளுங்கள்!