தோழனுக்கு ஒரு மடக்குக் கத்தி

கல்யாணச் செலவுப் பட்டியலில் கடைசி வரியாக இடம்பெறுவது தோழர்களுக்கான பரிசு. மண்டபம், சாப்பாடு, புடவை, பத்திரிகை, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ரெயில் டிக்கெட் என்று எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு, தாளின் அடியில் மிஞ்சியிருக்கும் இடத்தில்தான் அது எழுதப்படும். கையிலும் அப்போது மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான்.

மும்பை தாராவியில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞருக்கு அப்படி மிஞ்சியது 3000 ரூபாய். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கோயிலில் பாதிரியார் முன்னிலையில் நடக்கவிருக்கும் கல்யாணம். தோழர்கள் ஐந்து பேர். ஒருவர் எலெக்ட்ரீஷியன், ஒருவர் தச்சர், ஒருவர் கூரியர் கம்பெனியில் குமாஸ்தா, ஒருவர் விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்குபவர். ஐந்தாமவர் ஊரிலிருந்து வரும் பள்ளிக்கூட நண்பர். ஆளுக்கு 600 ரூபாய் என்று கணக்கு.

பேனா, பர்ஸ், கைக்குட்டை எல்லாம் யோசித்தாயிற்று. மூன்று மாதத்தில் தொலைந்து போகிற பொருளைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. பட்டறையில் உடன் வேலை பார்க்கும் கோவாக்காரர் ஒருவர், தமக்குக் கல்யாணப் பரிசாக வந்த மடக்குக் கத்தியைப் பல வருடமாகச் சட்டைப் பையில் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறார். அதுவே போதும் என்று தீர்மானித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில் ஐந்து கத்திகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். பித்தளைப் பிடி. பொத்தானை அழுத்தினால் 'சடக்' என்று அலகு வெளியே பாயும். பார்க்க அழகுதான்.

பட்டறையின் மூத்த மிஸ்திரி, நாங்குநேரிக்காரர், அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஏல, அஞ்சு பேரையும் கோயிலுக்குக் கூப்பிடுதியா, இல்ல போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுதியா?" என்று கேட்டார். இளைஞருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் பெரியவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

தோழன் என்பவன் யார்?

மாப்பிள்ளைத் தோழன் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. இந்துக் கல்யாணங்களில் பல சமூகத்தாரிடையே பெண்ணின் சகோதரனே மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிறான். மாப்பிள்ளையின் காலைக் கழுவி மணவறைக்கு அழைத்து வருகிறான். அவனுக்கு மோதிரம் போடுவது வழக்கம். கிறிஸ்தவக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் நண்பரோ சகோதரரோ தோழனாக நிற்கிறார். மோதிரப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பதிலிருந்து பந்தியில் யாருக்குச் சோறு கிடைக்கவில்லை என்று பார்ப்பது வரை அவர் பொறுப்பு. சாட்சிக் கையெழுத்துக்கும் பெரும்பாலும் அவர்தான் அழைக்கப்படுவார். 1872-ம் வருடத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றே சொல்கிறது.

மேல்நாட்டார் வழக்கப்படி நாலைந்து தோழர்கள் வரிசையாக நிற்பது கோவா, மங்களூர், மும்பைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் சகஜம். அவர்களோடு பழகும் நம்மவரும் இதை ஏற்றுக்கொண்டு வருகிறார்கள். லீவு போட்டு, அன்றையக் கூலியை இழந்து, சொந்தச் செலவில் சட்டை தைத்துக்கொண்டு வந்து நிற்கிற நண்பனுக்கு நன்றி சொல்ல ஒரு பொருள் கொடுப்பது முறைதான்.

கல்யாணத்தில் கத்தியா என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. குடகு நாட்டில் மாப்பிள்ளை இடுப்பில் பீச்சேகத்தி இல்லாமல் மணப்பந்தலுக்கு வருவதில்லை. சீக்கிய மாப்பிள்ளை கிர்பானோடு வருகிறார். வங்காளத்து மாப்பிள்ளை கையில் பாக்குவெட்டி வைத்திருப்பார். இரும்பு காவல் என்பது நாடு முழுவதும் உள்ள நம்பிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின்படி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதக் கணக்கில் சேரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. சட்டைப் பையில் அடங்கும் கத்தியின் அலகு 3 அங்குலத்தைச் சுற்றியே இருக்கும். ஆகவே அந்த அளவில் பயமில்லை.

ஆனால் பொத்தான் கத்தி வேறு ஜாதி. உத்தரப்பிரதேசத்து ராம்பூர் நகரத்தின் பெயரால் 'ராம்பூரி' என்று அழைக்கப்படும் இதை, இந்திப் படங்களின் வில்லன்கள் நாடெங்கும் பிரபலப்படுத்திவிட்டார்கள். ராம்பூரில் 2023-ல் நாற்சந்தி ஒன்றில் 20 அடி நீளத்தில் ஒரு கத்தியையே சிலைபோல நிறுத்தியிருக்கிறார்கள். கைத்தொழில் என்ற முறையில் அது பெருமைக்குரியதே. ஆயினும் பொத்தான் கத்தியைப் பையில் வைத்திருப்பவரைப் போலீஸ்காரர் பார்க்கும் பார்வை வேறு. டில்லியில் இத்தகைய கத்திகளின் அலகுக்கு 7.62 சென்டிமீட்டர், அதாவது 3 அங்குலம் என்று வரம்பு வைத்து, அதற்கு மேற்பட்டதைத் தடுத்திருக்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. 1951-ம் வருடத்துப் போலீஸ் சட்டத்தின் 37-வது பிரிவு, அமைதி கெடும் என்று அதிகாரிகள் கருதும் சமயங்களில் கத்தி, கம்பு முதலியவற்றைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைத் தடை செய்ய அதிகாரம் தருகிறது. தேர்தல், ஊர்வலம், பண்டிகைக் காலங்களில் இந்த உத்தரவு வருவது வழக்கம். அப்போது சிறு கத்தியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம். வெளி மாநிலத்தில் பிழைக்க வந்தவனுக்கு மொழி தடுமாறும்போது, பையில் இருக்கும் கத்தி அவனுக்காகப் பேசாது. அவனுக்கு எதிராகத்தான் பேசும்.

எதை வாங்கலாம்?

உலகத்தில் பெயர் பெற்ற கத்திகள் இரண்டைச் சொல்லலாம். ஒன்று சுவிட்சர்லாந்து நாட்டு ராணுவக் கத்தி. கார்ல் எல்ஸனர் என்பவர் 1884-ல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கி, 1891-ல் தம் நாட்டு ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தார். அதிகாரிகளுக்கென்று செய்த மாதிரியை 1897-ல் பதிவு செய்தார். தாயார் விக்டோரியாவின் பெயரையும், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்து உண்டானதுதான் விக்டோரினாக்ஸ் என்ற பெயர். அதில் 58 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு கத்தி ஒன்றுண்டு. அலகு, நகம் ராவும் அரம், கத்தரிக்கோல், சிமிட்டா, பல்குத்தி எல்லாம் அதற்குள் அடக்கம்.

மற்றொன்று பிரான்சு நாட்டு ஒப்பினல். ஜோசப் ஒப்பினல் என்ற கருமான் வீட்டுப் பிள்ளை 1890-ல் விவசாயிகளுக்காகச் செய்த எளிய கத்தி. மரப்பிடி, ஒரே அலகு. 1897-ல் 1 முதல் 12 வரை நம்பர் போட்டு அளவு பிரித்தார்கள். 8-ம் நம்பரின் அலகு 8.5 சென்டிமீட்டர். விரித்த அலகு மடங்கி விரலை நறுக்காதபடி பூட்டும் வளையம் 1955-ல் சேர்ந்தது.

இவை இரண்டும் நல்ல சரக்கு. ஆனால் அசல் கத்தி ஒன்றின் விலை ஆயிரத்தைத் தாண்டும். ஐந்து பேருக்கு வாங்கினால் மாப்பிள்ளை கடனாளி. நடைபாதையில் சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையுமாக மலிவாகக் கிடைப்பதில் போலியே அதிகம். அசல் கத்தியில் அலகின் அடியில் கம்பெனிப் பெயர் தெளிவாக முத்திரையிடப்பட்டிருக்கும்.

600 ரூபாய்க்குள் முடிக்க வேண்டியவர், பெயருக்கு ஆசைப்படாமல் ஒரே அலகுள்ள சாதாரண மடக்குக் கத்தியைத் தேடுவதே சரி. பத்து வேலை செய்யும் மலிவுக் கத்தி ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யாது. மும்பையில் கிராபோர்டு மார்க்கெட் வட்டாரத்திலும், கருவிச் சாமான்களுக்குப் பெயர்போன நாக்தேவி தெருவிலும் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்க்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

கத்தியை விரித்து, அலகை இரு பக்கமும் மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் வேண்டாம். மடக்கும்போது அலகு பிடியின் நடுவில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் சீக்கிரம் முனை மழுங்கும். வில் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் திறக்க நகம் பெயரவும் கூடாது. ஆணிகள் பிடியோடு சமமாக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நறுக்கிப் பார்க்கலாம். கிழிக்காமல் வெட்டினால் கூர் நன்று.

இரும்பிலும் இரண்டு வகை. கார்பன் எஃகு சாணைக்கு நன்றாக வரும். கூரும் நன்றாக இருக்கும். ஆனால் ஈரம் ஆகாது. மும்பை மழையில் சட்டைப் பையில் கிடந்தால் ஒரே வாரத்தில் புள்ளி விழும். துடைத்து வைக்கச் சோம்பல்படுகிறவருக்கு ஸ்டெயின்லெஸ்தான் நல்லது. எதுவானாலும் மாதம் ஒரு முறை கீலில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்குப் பிடிக்கும்.

பெயர் பொறிக்க விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டும். பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல அலகின் மேல் வெட்ட முடியாது. அது காய்ச்சிக் கடினப்படுத்திய எஃகு. லேசர் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம், அல்லது பிடியில் பொறிக்கலாம். கல்யாணத் தேதியும் நண்பர் பெயரின் முதல் எழுத்தும் போதும்.

யாருக்கு எது?

மிஸ்திரியின் சொல் கேட்டு, பொத்தான் கத்திகள் ஐந்தையும் இளைஞர் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் முணுமுணுத்து நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு மிஸ்திரியே கூட வந்தார். மரப்பிடி போட்ட, 3 அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள, நகத்தால் திறக்கும் ஸ்டெயின்லெஸ் கத்திகள் ஐந்து அமைந்தன. பெயர் பொறித்த கூலியும் சேர்ந்து கணக்குக்குள் முடிந்தது.

ஆனால் விமான நிலையத்து நண்பர் விஷயம் உறுத்தியது. விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டு போகக் கூடாது என்பது பயணிகளுக்கான விதி. பதிவு செய்து அனுப்பும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். அங்கேயே தினமும் சோதனையைத் தாண்டி உள்ளே போய் வேலை செய்கிறவர் பையில் மறந்து ஒரு கத்தி கிடந்தால், வேலைக்கே கேடு. அவருக்கு மட்டும் வேறு பொருள் கொடுக்கலாமா? நாலு பேருக்கு ஒன்று, ஒருவருக்கு வேறு என்றால் மனம் நோகுமே. பேசாமல் அவரிடமே கேட்டுவிட்டார்.

"எனக்கும் அதே கத்திதான் வேணும் மாப்ள. வேலைக்குக் கொண்டு போக மாட்டேன். வீட்டுல வச்சு மாம்பழம் வெட்டிக்கிடுதேன்" என்றார் நண்பர்.

ஊர் திரும்பும் நண்பருக்கும் ஒரு யோசனை சொல்லப்பட்டது. ரெயிலில் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டக் கூடாது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பவர்கள் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒரு ரூபாய் சமாசாரம்

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துபோகும் என்று மேல்நாட்டிலும் ஒரு நம்பிக்கை உண்டு. அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம், வாங்குகிறவர் ஒரு சிறு காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. அப்போது அது பரிசு அல்ல, விலைக்கு வாங்கியது என்று ஆகிவிடுகிறது. நம் ஊரிலும் கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஒரு ரூபாயில் ஒரு பெரியவர் மனம் நிறையுமானால் அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் இரவு, தாராவியில் அந்த ஒற்றை அறை வீட்டில், பாய் மேல் ஐந்து கத்திகளும் வரிசையாக வைக்கப்பட்டன. ஒவ்வொருவராகக் குனிந்து தம் எழுத்துள்ள கத்தியை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை கையில் ஒரு ரூபாய் வைத்தார்கள். குமாஸ்தா நண்பரிடம் சில்லறை இல்லை. விமான நிலையத்து நண்பர் அவருக்கும் சேர்த்து இரண்டு ரூபாயாகக் கொடுத்தார்.

"இவன் நட்பை மட்டும் கடன்ல வாங்கியிருக்கான்" என்று மிஸ்திரி சொல்ல, அறை முழுவதும் சிரித்தது. பட்டியலின் கடைசி வரியை அடித்துவிட்டு, மாப்பிள்ளை அந்த ஐந்து ரூபாயை வரவு என்று எழுதிக்கொண்டார்.