வான்கோழி பர்கர் காயாமல் இருக்க

தி.நகருக்குப் பக்கத்துல இருக்கிற நந்தனத்துக்கும் வான்கோழிக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம்ம ஊர் வெயிலைத் தாங்குற ‘நந்தனம் 1’ ரகம் அங்கிருந்த கோழியின ஆராய்ச்சி நிலையத்தில்தான் உருவானது. இதை பர்கர் ஆக்குறதுல ஒரு சிக்கல்: நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. ஆனா பாதுகாப்புக்கு உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரை வேகணும். அதுக்குள்ள காய்ஞ்சிடும். அதனால நான் தொடைக்கறியைக் கொத்தி, வதக்கி ஆறவெச்ச சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு சேர்ப்பேன். உப்பை வட்டமா தட்டின பிறகு மேலே தூவுங்க. முன்னாடியே போட்டுப் பிசைஞ்சா கறி ரப்பர் மாதிரி இறுகிடும்.

கூட வைன் வேணும்னா, லேசா இனிக்கிற நாசிக் செனின் பிளாங்க், நல்லா குளிரவெச்சு. சிவப்பு வைனோட துவர்ப்பு மிளகாய்க் காரத்தை ஏத்திவிடும். இந்த இனிப்பு அதை அடக்கும்.