சம்பளத்தை ஜப்தி செய்ய முடியுமா?

கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போனால் மாதச் சம்பளம் முழுவதும் போய்விடும் என்ற அச்சம் நம் மஹல்லாக்களில் பல குடும்பங்களுக்கு இருக்கிறது. அந்த அச்சத்தைக் காட்டியே வீட்டிலிருக்கும் நகையை வாங்கிச் செல்பவர்களும் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

வசூலுக்கு வரும் ஏஜெண்ட், நம் முதலாளியிடம் போய் சம்பளத்தைப் பிடித்துத் தரும்படி உத்தரவிட முடியாது. கோர்ட்டிலோ நடுவர் மூலமோ தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்றக் கோரி கோர்ட்டில் மனுப் போட்டு, கோர்ட் உத்தரவிட்ட பிறகுதான் அது நடக்கும். கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு நாமே எழுதிக்கொடுத்துப் பிடிக்கச் சொல்வது வேறு.

கோர்ட்டுக்கும் எல்லை உண்டு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 60 அதைச் சொல்கிறது. கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோரின் கூலியை ஜப்தி செய்யவே கூடாது. சித்தாள், லோடுமேன் மட்டுமல்ல, தொழில் தெரிந்த தொழிலாளியும் இதில் அடக்கம். போனஸும் கூலிதான்.

கணக்கர் போன்ற மாதச் சம்பளக்காரருக்குக் கணக்கு வேறு. முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. சம்பளம் 16,000 என்றால் 11,000 அவருக்கு, 5,000 வரைதான் ஜப்தி. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால், அந்தத் தீர்ப்புக்காக அதற்குமேல் சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆனால் மனைவி, பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம் என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு. அதுதான் நியாயமும்கூட.

உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், தொழிலாளி குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவற்றுக்கும் இதே பிரிவில் பாதுகாப்பு உண்டு. வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் தனிச் சட்டங்களின் பாதுகாப்பு இருக்கிறது. "இந்தச் சலுகை எனக்கு வேண்டாம்" என்று கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது.

சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அல் பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம். கொடுக்க வழியில்லாத ஏழையை, கடனுக்காக மட்டும் சிறையில் தள்ளக்கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. வசதி இருந்தும் இழுத்தடிப்பவருக்கு இரண்டு இடத்திலும் இடமில்லை. இந்தப் பாதுகாப்பால் கடன் தள்ளுபடியாகிவிடுவதும் இல்லை. காசோலை திரும்பிய வழக்கு குற்ற வழக்கு, அதை இத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம்மவர்கள் பலர் தோற்பது சம்மனை வாங்க மறுப்பதால்தான். ஆஜராகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். அதை ரத்து செய்யக் கோர 30 நாள் அவகாசம். சம்மன் முறைப்படி வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

ஜப்தி உத்தரவு வந்துவிட்டால் சம்பளச் சீட்டையும் வேலை விவரத்தையும் எடுத்துக்கொண்டு, அதே கோர்ட்டில் பிரிவு 60இன் கீழ் ஆட்சேப மனு போட வேண்டும். வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லையே என்று இருந்துவிட வேண்டாம். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் உண்டு, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.