மன்னர் உருவமும் தசாங்கமும்

மன்னரின் உருவத்தைச் செதுக்கியோர் முகச்சாயலை மட்டும் காட்ட முற்பட்டாரல்லர். அவர்தம் நிலையையும் ஆணையையும் காட்டவே பெரிதும் முயன்றனர். கி.பி. 17ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியச் செப்புத்தகட்டு உருவப்படங்களையும் அதே காலத்து மதுரை நாயக்கர் சிலைகளையும் ஒருங்கு நோக்கி இதனை ஈண்டு ஆராய்வோம்.

செப்புத் தகட்டிற் கூரிய உளியாற் கோடுகள் கீறி, அவற்றில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுப்பது அம்முறை. ஒரு தகடு நூற்றுக்கணக்கான படிகளைத் தரும். முகத்தைச் சுற்றி நீள்வட்டச் சட்டமும், கீழே குலச்சின்னம், பட்டப்பெயர், ஒரோவழிப் புகழ்ப்பா ஆகியன தாங்கிய பீடமும் அமையும். கவசம் படைத்தலைமையைச் சுட்டும். இராபர்ட்டு நான்தேய் என்பார் 1658இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் அரசவைச் செதுக்குநரானார். 1660இல் அம்மன்னன் இக்கலையைத் தொழிற்சங்கக் கட்டினின்றும் விடுவித்தான். தன் உருவம் நாடெங்கும் செல்லுதலின் பயனை அரசு நன்கு அறிந்திருந்தது.

தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. மலை, ஆறு, நாடு, ஊர், தார், குதிரை, யானை, கொடி, முரசு, ஆணை என்னும் பத்தும் தலைவனுக்குரிய தசாங்கம். இவற்றுள் முகம் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. செப்புத்தகட்டின் சட்டமும் சின்னமும் செய்த பணியைப் புலவர் இப்பத்தினாற் செய்தனர்.

மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் நாயக்கர் பதின்மர் உருவங்கள் உள்ளன. அவற்றுள், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் உருவத்தை மேலமைந்த கவிகையும் உடனுள்ள தேவியரும் வேறுபடுத்துகின்றனர். அவர் கைகூப்பி நிற்கின்றார். இறைவன்முன் அடியவர், அணியும் கவிகையும் காணும் குடிகட்கோ அரசர். அச்சுப்படி காண்பாரைத் தேடிச் செல்வது; கற்சிலையோ விழாக்காணத் திரள்வோரைத் தன்பால் ஈர்ப்பது.

இவ்வடையாளமுறை தலைநகரோடு நின்றதன்று. நாயக்கர் வகுத்த 72 பாளையங்களுள் ஒன்றாகிய போடிநாயக்கனூர் முதலிய மேற்கெல்லைப் பாளையங்களின் தலைவர்க்கும் பட்டமும் விருதுமே பெருமை தந்தன.

அப்போடிக்கு அண்மையிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கில் இன்று மக்கள் போற்றும் உருவம் வேறு. 1895இல் பாசனத்திற்குத் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் பொறியாளர் பென்னிகுயிக்கின் படத்தை உழவர் தம் இல்லங்களில் வைத்துள்ளனர்; லோயர் கேம்பில் 2013இல் அவர்க்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. அவர் அயலாட்சியின் அலுவலர். எனினும் அப்படத்தில் மக்கள் காண்பது அவ்வாட்சியின் ஆணையை அன்று. தசாங்கத்துள் ஆறு ஒன்றே அவர்க்கு எஞ்சியது. ஏனையவற்றை அவர்கள் கருதிற்றிலர்.

ஆதலின், உருவங்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் முகவொப்புமையோடு அமைதல் கூடாது. செய்வித்தவர் யார், வைத்த இடம் யாது, காண்போர் யாவர் என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். நாயக்கர் உருவத்தை நிறுவியது அரசு. பென்னிகுயிக்கின் படத்தை முதற்கண் வீட்டில் மாட்டியவர் நீர் பெற்ற குடிகள். இவ்வேறுபாட்டை விடுத்து இரண்டனையும் ஒருதரமாகப் புகழ்ச்சி என்று கொள்ளின், குடிகளின் தேர்வு வரலாற்றில் இடம்பெறாது போகும்.