வகையீட்டு வடிவங்களைக் கற்கும் நெறி

நுண்கணிதம் பயில்வோர் தொகையீட்டின் அடிப்படைத் தேற்றத்தை முதலிலும், கிறீன், ஸ்ரோக்ஸ், கவுஸ் என்போரின் பெயரால் வழங்கும் தேற்றங்களைப் பின்னரும் கற்பர். இவற்றைத் தனித்தனியே மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறப்போர் பலர். நான்கும் ஓருண்மையின் நான்கு தோற்றங்களே எனக் காட்டுவது வகையீட்டு வடிவம் என்னும் கருத்தாகும்.

வகையீட்டு வடிவமாவது யாது? தொகையிடுதற்கென்றே அமைந்த கோவை அது. பாதை வழியே விசை செய்யும் வேலை முதற்படி வடிவத்தின் தொகையீடு. பரப்பினூடாகச் செல்லும் காந்தப் பாயம் இரண்டாம்படி வடிவத்தினது. கனவளவொன்றில் அடங்கிய மின்னேற்றம் மூன்றாம்படி வடிவத்தினது. காவிக்கணிதம் விசையையும் காந்தப்புலத்தையும் ஒரேவகை அம்புக்குறியாற் காட்டும். வடிவங்களோ அவற்றின் வேற்றுமையைப் படியினாலேயே உணர்த்தும்.

முதற்படி வடிவங்கள் இரண்டின் பெருக்கத்தில் ஒழுங்கு மாறின் குறியும் மாறும்; ஆதலின் ஒன்றைத் தன்னாலேயே பெருக்கின் பூச்சியமாகும். ஒன்றன்மேலொன்று பொருந்திய இரு பக்கங்கள் பரப்பெதனையும் அடைக்கா என்பதே இதன் உட்பொருள். இக்கருத்துக்கு வித்திட்டவர் ஸ்ரெற்றின் நகரப் பாடசாலை ஆசிரியரான ஹேர்மன் கிராஸ்மன். 1844இல் அவர் வெளியிட்ட நூலைக் கற்றோர் மிகச் சிலரே. ஏறத்தாழ இருபதாண்டுகளின் பின் விலையாகாத பிரதிகள் கழிவுத்தாளாயின. எனினும் வித்து அழிந்திலது. பிரான்சிய கணிதர் எலீ கார்த்தான் 1899இல் வடிவங்களை முறையாக வகுத்தமைத்தார்.

வடிவமொன்றின் வகையீட்டைப் பிரதேசமொன்றின்மேல் தொகையிடினும், அவ்வடிவத்தையே அப்பிரதேசத்தின் எல்லைமேல் உரிய திசையில் தொகையிடினும் பெறுமானம் ஒன்றே. முன்னர்க் கூறிய நான்கு தேற்றங்களும் இதனுள் அடங்கும். மேலும், தட்டின் எல்லை பரிதி, பரிதிக்கோ முனையில்லை. எல்லைக்கு எல்லையின்மையால் இருமுறை வகையிடின் பூச்சியமே எஞ்சும். மக்சுவெல்லின் நான்கு சமன்பாடுகள், வெளியும் காலமும் இணைந்த நாற்பரிமாணத்தில், வடிவங்களால் இரண்டாகச் சுருங்கும்; மின்னேற்றக் காப்பு விதி இவ்விருமுறை வகையீட்டிலிருந்தே பெறப்படும்.

கற்போர் வரைவிலக்கணத்தை நெட்டுருச் செய்து தொடங்குதல் வேண்டா. கணித்துப் பார்த்தே தொடங்குக. தளத்திலே முனைவாள்கூறுகளுக்கு மாறும்போது பரப்பு மூலகத்தில் ஆரை ஒரு காரணியாக வருவதை மாணவர் காரணமறியாது ஏற்கின்றனர். ஆள்கூறுகளை வகையிட்டு, மேற்கூறிய குறிவிதிப்படி பெருக்குக. சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் கூடி ஒன்றாக, ஆரை தானே வெளிப்படும். அவ்வொரு கணிப்பைத் தன் கையாற் செய்த மாணவனுக்கு ஏனைய தேற்றங்கள் சுமையாகா.