உங்களுக்குத் தெரியுமா? உங்கள் பாட்டைக் கேட்பது யார்?

அடுத்த அறையில் இருப்பவர் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எந்தப் பாட்டைக் கேட்கிறார்? உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்!

2003 ஏப்ரல் 28. ஆப்பிள் தன் பாட்டுப் புரோகிராமான ஐடியூன்ஸ் 4-ஐ வெளியிட்டது. ஒரே ஒரு டிக், உங்கள் மொத்தப் பாட்டு லைப்ரரியும் வீட்டிலுள்ள மற்ற மேக் கம்ப்யூட்டர்களில் தெரிந்தது. ஒரே நேரத்தில் 5 பேர் கேட்க முடிந்தது!

ஆனால் ஐடியூன்ஸ் உங்களிடம் சொன்னது ஒரே ஒரு தகவல்தான். இப்போது எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள். யார்? எந்தப் பாட்டு? மூச்சே விடவில்லை! அதைக் கண்டுபிடிக்கத்தான் கண்காணிப்புப் புரோகிராம்கள் வந்தன.

எப்படி முடிகிறது என்கிறீர்களா? பாட்டுகள் எல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் போகின்றன. போர்ட் எண் 3689! அந்த வாசலில் காத்திருந்தால் போதும்.

கேட்பவரின் கம்ப்யூட்டர் பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்பதே இல்லை. எண்ணைச் சொல்லித்தான் கேட்கும். இணையப் பக்கத்தைத் திறப்பது போன்ற சாதாரணக் கோரிக்கைதான் அது. அந்த எண்ணை லைப்ரரியில் தேடினால் பாட்டு அகப்பட்டது!

இன்னும் பிரமாதம், அந்த லைப்ரரியின் பாஷை. எல்லாமே 4 எழுத்துச் சங்கேதம்! பாட்டின் பெயருக்கு 'எம்ஐஎன்எம்'. பாடியவருக்கு 'ஏஎஸ்ஏஆர்'. ஆல்பத்துக்கு 'ஏஎஸ்ஏஎல்'.

யார் என்று மட்டும் தெரிய வேண்டுமா? தனிப் புரோகிராம்கூட வேண்டாம். மேக்கிலேயே 'எல்எஸ்ஓஎஃப்' என்றொரு கட்டளை இருக்கிறது. போர்ட் எண்ணைக் கொடுங்கள். எந்தெந்தக் கம்ப்யூட்டர் இணைந்திருக்கிறது என்று வரிசையாகக் கொட்டிவிடும்!

முதலில் வீட்டுக்குள் மட்டுமல்ல, இணையம் வழியாக உலகின் எந்த மூலையிலிருந்தும் கேட்க முடிந்தது! முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவர் லைப்ரரிக்குள் ஒருவர் புகுந்து கேட்டார்கள். ஆப்பிள் விடுமா? மே 27-ல் வந்த ஐடியூன்ஸ் 4.0.1 அந்தக் கதவைச் சாத்தியது. வெறும் 29 நாள் ஆட்டம்!

கேட்க மட்டும்தான், காப்பி எடுக்க முடியாது. அதுதான் விதி. ஆனால் அதே ஆண்டு அமெரிக்காவின் டிரினிட்டி கல்லூரி மாணவர் பில் ஜெல்லர் 'மைடியூன்ஸ்' என்ற புரோகிராமை எழுதினார். காப்பியும் எடுத்தாயிற்று!

லைப்ரரியில் ஒரு புதுப் பாட்டைச் சேர்த்தால் அடுத்த கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? அது முன்கூட்டியே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. மாற்றம் நடக்கும்வரை பதிலே வராது. பொறுமை என்றால் இதுதான்!

2005-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஆராய்ச்சியாளர்கள் ஓர் அலுவலகத்தில் ஐடியூன்ஸ் பகிர்வு பற்றி விசாரித்தார்கள். சக ஊழியர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், தங்களைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று சிலர் லைப்ரரியையே சீர்படுத்தினார்களாம்!

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எப்படிக் கண்டுகொள்கின்றன? 224.0.0.251 என்ற முகவரிக்கு ஒரு குரல். வீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் கேட்கும்! இந்த நுட்பம் மேக்குக்கு வந்தது 2002-ல். அதற்கான இணைய விதிமுறை முறைப்படி வெளியானதோ 2013-ல்!